அக்காவின் தோளுக்கு ஒரு துப்பாக்கி

அக்கா காபி டம்ளரை இடது கையால் எடுத்தாள். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. சங்கரன்கோவிலில் ஆறு விசைத்தறி ஓட்டுகிறவன் நான். கடைசித் தறியில் ஒரு இழை அறுந்தால் வாசலில் நிற்கும்போதே சத்தத்தில் தெரிந்துகொள்வேன். மனிதர்கள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மந்தம். என் மனைவிதான், "மயினி, கையில என்ன?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் அக்காவின் சேலைத் தலைப்பை விலக்கிப் பார்த்துவிட்டாள். வலது தோளில் கழுத்தெலும்பு முடிகிற இடத்திலிருந்து மேல்கை வரைக்கும் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருந்தது.

"கீழ விழுந்துட்டியளா?"

"விழல. துப்பாக்கி உதைச்சிட்டு" என்றாள் அக்கா. ஏதோ மாடு உதைத்ததைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு மிச்சக் காபியைக் குடித்தாள்.

அக்காவுக்கு ராயகிரிக்கு மேற்கே மூன்று ஏக்கர் நிலம். அதற்கும் மேற்கே மலைதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அத்தான் மாரடைப்பில் போன பிறகு தனியாகவே மக்காச்சோளம் போடுகிறாள். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் காட்டுப்பன்றி இறங்கும். ஒரு கூட்டம் வந்து போனால் பாதி வயல் தரையோடு தரையாகக் கிடக்கும். பன்றியைச் சுடக் கூடாது. வனத்துறை சும்மா விடாது. அக்காவுக்கும் அந்த எண்ணம் கிடையாது. விரட்டினால் போதும். அதற்காக அத்தான் வைத்திருந்ததுதான் அந்த மருந்துத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாகவே கரிமருந்தையும் ஈயக் குண்டையும் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கிச் சுடுகிற பழைய வகை. பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் உண்டு. அத்தான் போன பிறகு அதைத் தன் பேருக்கு மாற்ற அக்கா நடந்த நடை எனக்குத் தெரியும். தாலுகா ஆபீஸில் ஒருவர், "உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டதற்கு, "பன்னி ஆம்பளையா பொம்பளையானு பாத்தா வருது?" என்று கேட்டுவிட்டு வந்தவள்.

வெறும் வேட்டுச் சத்தத்துக்கு இப்போது பன்றிகள் பயப்படுவதில்லை. காதை ஆட்டிவிட்டுத் தின்றுகொண்டே இருக்கும். அதற்கு அத்தான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். தெற்கே காவல் குடிசை. வடக்கு மூலையில், வாய்க்கால் கரையை ஒட்டி, ரோடு போடுகிறவர்கள் விட்டுப்போன காலித் தார் டிரம் ஒன்றை நிறுத்தியிருந்தார். குடிசையில் இருந்து கிழக்கு வரப்பு நெடுகப் பார்த்தால் டிரம் நேராகத் தெரியும். சுட்டால் தெற்கே வேட்டு. குண்டு போய் அடித்தால் வடக்கே டிரம்மின் அலறல். கிழக்கே பக்கத்துத் தோட்டத்துக்காரரின் வேலி. சத்தமில்லாத ஒரே திசை மேற்குதான். பன்றிகள் மலையைப் பார்த்து ஓடிவிடும். குண்டு தவறினாலும் கரை மண்ணில்தான் புதையும். அத்தான் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை என்று ஊரே சொல்லும்.

அக்காவால் ஒரு தடவைகூட அடிக்க முடியவில்லை. முதல் வேட்டிலேயே தோள் போய்விட்டது. அதற்கப்புறம் விசையைத் தொடும்போதே உடம்பு நடுங்கி, கண் தானாக மூடிக்கொள்கிறது என்றாள். போன வருடம் பாதி விளைச்சல் பன்றிக்கு. இந்த வருடம் மறுபடி பழகிப் பார்த்ததில்தான் தோளில் இந்தக் கன்றல். திருப்பூரில் வேலை பார்க்கும் அவள் மகன், நிலத்தைக் கேட்டு ஒரு ஆள் வந்திருப்பதாகவும், விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படியும் போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

"கதிர் பிடிக்க இன்னும் ஒரு மாசம் இருக்கு. அதுக்குள்ள எனக்கு இது பழகலைன்னா ஸ்டேஷன்ல துப்பாக்கிய ஒப்படைச்சிட்டு, அவன் சொல்லுத எடத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவேன்" என்றாள் அக்கா. "மூணாவது மாடியில ஒரு ரூமு. ஜன்னலத் தொறந்தா அடுத்த வீட்டுச் சுவரு. அங்கன போய் உக்காந்து என்ன செய்யப்போறேன்னுதான் தெரியல."

இதைச் சொன்னபோது அவள் குரல் ஒரு பொட்டு மாறவில்லை. "ஒரு துப்பாக்கி உதைக்குதுன்னு நிலத்தை விப்பாகளா? நான் சரி பண்ணித் தாரேன்" என்றேன். முன்னப்பின்னே துப்பாக்கியைத் தொட்டது கிடையாது. ஆனால் வாய் முந்திக்கொள்ளும். அது என் சுபாவம்.

அடுத்த வாரம் ராயகிரி போனேன். அக்கா துப்பாக்கியை எடுத்து வந்து, மருந்து கெட்டித்து, மருந்துக்குத் தீ மூட்டும் கேப்பு வைத்து, என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். "தோள்ல நல்லா அமுக்கிப் பிடிலே" என்றாள். நானும் பிடித்தேன். விசையை இழுத்தேன்.

அப்புறம் நான் பார்த்தது வானம். பொத்தென்று உட்கார்ந்திருந்தேன். ஒரு காதில் ரீங்காரம். வாய் நிறைய வெடிவாசனை. வெள்ளைப் புகை வரப்பின் மேல் மெதுவாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. டிரம் அசையாமல் நின்றது. அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வீட்டில் யாருக்கும் அடங்காத ஆம்பளைச் சிங்கம் ஒரு நொடியில் மண்ணில் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

எனக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. ஒரு சிட்டிகைக் கருப்புப் பொடி, ஒரு இரும்புக் குழாய், ஒரு மரக்கட்டை, இவ்வளவுதானே? இதற்குள் இத்தனை பெரிய உதை எங்கே ஒளிந்திருந்தது? நாள் முழுக்க ஆறு தறி ஓடும் கொட்டகையில் நிற்கிறவன் நான். இரும்பும் மரமும் மோதுகிற சத்தத்திலேயே நரை கண்டவன். அப்படிப்பட்டவனுக்கே மயிர் கூச்செறிந்தது. இதையா என் அக்கா தன்னந்தனியாக நின்று தோளில் வாங்கினாள் என்று நினைத்தபோது, அவளைப் பார்க்கவே பயமாகவும் பெருமையாகவும் இருந்தது.

ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே எனக்கு வழி தெரிந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். தறியில் நாடா என்று ஒன்று உண்டு. ஊடை நூலைச் சுமந்துகொண்டு பாவுக்குள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாயும் கட்டை. பாய்ந்து வந்து மோதுகிற இடத்தில் தோல் வைத்திருப்போம். அந்தத் தோல்தான் அடியை வாங்கும். மோதல் கடுமையாக இருந்தால் இன்னொரு தோலை வைப்போம். அதற்கும் அடங்காவிட்டால் மூன்றாவது. சங்கரன்கோவிலில் தறி வைத்திருக்கிற எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்: அடி அதிகமானால் தோல் போடு. உதைக்கிற துப்பாக்கிக்கும் அதுதானே மருந்து?

நல்ல தடித்த எருமைத் தோலாக மூன்று துண்டு எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். துப்பாக்கிக் கட்டையின் அடிப்புறம், அதாவது தோளில் பதிகிற பக்கம், மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டிக் கட்டினேன். பார்ப்பதற்கே மெத்தென்று இருந்தது. "இனி பஞ்சு மெத்த மாதிரி இருக்கும் பாரு" என்று அக்காவிடம் சொன்னது எனக்கு இன்னமும் நினைவிருக்கிறது. மறந்தால் நன்றாக இருக்கும்.

அக்கா சுட்டாள். குழல் வானத்துக்கு எகிறியது. கட்டை தோளில் இருந்து வழுக்கி மேல்கையில் இடித்து, அதே வேகத்தில் கன்னத்திலும் அடித்தது. துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அக்கா அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். உதட்டில் ரத்தம். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

"போதும்லே. நீ ஊருக்குப் போ. போய் உன் தறியப் பாரு."

"இன்னொரு தோலு வச்சா..."

"போன்னு சொல்லுதேன்லா!"

அவள் என்மேல் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கே மகனுக்குப் போன் பண்ணி, மாதக் கடைசியில் பத்திரத்தோடு வரச் சொல்லிவிட்டாள். இதை அவளே எனக்குச் சொன்னாள், மறுநாள், அதே மாறாத குரலில். உதவி செய்யப் போன நான்தான் அவளைத் திருப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

வீட்டில் என் மனைவி ஜாக்கெட் தைப்பவள். மிஷின் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் உட்கார்ந்து புலம்பினேன். அக்காவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது, உடம்பில் தெம்பில்லை, ஆம்பளை பிடிக்கிற துப்பாக்கியைப் பொம்பளை பிடித்தால் இப்படித்தான் என்றெல்லாம் சொன்னேன். மிஷின் நின்றது.

"தெம்பில்லையாமே! யூரியா மூட்டையத் தோள்ல வச்சு வரப்புல நடந்து வாறாவ மயினி. நீங்க அத வச்சிட்டு ரெண்டு எட்டு எடுத்து வச்சிருவியளா?"

நான் தரையில் கிடந்த துணி வெட்டுகளைப் பொறுக்கினேன்.

"அந்தக் கட்ட ஆருக்குச் செஞ்சது?"

"அத்தானுக்குத்தான். பழைய கட்டையச் செல்லு அரிச்சிட்டுன்னு அவுகளே அளவு குடுத்துப் புதுசாப் போட்டாக."

"ஆறடி ஆளுக்கு அளவெடுத்துத் தச்ச சட்டைய மயினிக்கு மாட்டி விட்டுருக்கிய. அது பத்தாதுன்னு, நீளமா இருக்குத சட்டைக்கு உள்ள பஞ்சு வேற வச்சுத் தச்சுருக்கிய!"

இதைச் சொல்லிவிட்டு மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து வாசலுக்குப் போனேன். தெருவில் பாவு நூல் ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி போனது. அதைப் பார்த்தபடி என் வலது கையை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது உறைத்தது. கட்டை நீளம் என்பதால் அக்காவின் கை விசையை எட்டவில்லை. எட்டுவதற்காக உடம்பைப் பின்னால் சாய்க்கிறாள். சாய்ந்தால் கட்டை தோள்குழியில் உட்காராமல் கையெலும்பில் உட்காரும். நான் மூன்று தோல் வைத்து அந்த நீளத்தை இன்னும் ஒரு விரல் கூட்டியிருந்தேன். எருமைத் தோலைவிட என் தோல்தான் தடிப்பு என்று தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் இரண்டு பேருமாக ராயகிரி போனோம். அக்கா என்னைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் மட்டும் பேசினாள். என் மனைவி கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள். அக்காவின் கையை மடக்கச் சொல்லி, முழங்கையின் உள்மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் ரேகை வரைக்கும் பிடித்தாள். அப்புறம் துப்பாக்கிக் கட்டையின் அடியிலிருந்து விசை வரைக்கும் பிடித்தாள். டேப்பில் விரலை வைத்து அக்காவிடம் காட்டினாள். என் தோல்கள் இல்லாமலேயே மூன்று விரல் கூடுதல்.

"இது உங்க குத்தமில்ல மயினி. அளவு உங்களுக்குள்ளது இல்ல" என்றாள்.

அக்கா அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாகத் தன்னால் முடியவில்லை, முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவள். அவள் முகத்தில் என்னவோ தளர்ந்தது. ஆனால், "அப்ப மூணு விரல் அறுக்கணுமோ?" என்று கேட்டபோது குரல் தழுதழுத்தது. அத்தான் கன்னம் வைத்த இடம் கருத்து வழவழப்பாகி இருக்கும் அந்தக் கட்டையில். அவர் தோளில் பதிந்த அடிப்பக்கம் தேய்ந்து கிடக்கும். அறுப்பதென்றால் அதைத்தான் அறுக்க வேண்டும். கன்னம் பட்ட இடத்தையும் இழைக்க வேண்டும். நான் வாயைத் திறக்கப் போனேன். என் மனைவி காலை மிதித்தாள்.

அக்கா துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கட்டையை ஒரு தடவை தடவினாள்.

"அவுக தோளு அவுகளோட போயிட்டு. இப்பம் என் தோளுல்லா இருக்கு" என்றாள். "அறுக்கச் சொல்லு."

முதலில் திருநெல்வேலியில் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடைக்கு அக்காவே லைசென்ஸோடு எடுத்துப் போனாள். நானும் கூடப் போனேன். அவர்கள் குழலையும், விசை சேர்ந்த பூட்டையும் கழற்றிப் பார்த்தார்கள். குழல் நன்றாக இருக்கிறது, அதிலும் பூட்டிலும் யாரும் கை வைக்கக் கூடாது, மரவேலை மட்டும் செய்துகொள்ளலாம் என்றார்கள். அத்தானின் மருந்து அளக்கும் குப்பியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, வேறு சின்னக் குப்பி ஒன்றைக் கொடுத்தார்கள். அத்தானின் முரட்டு உடம்பு தாங்கியதால் அவர் கூடக்கூடப் போட்டுப் பழகியிருக்கிறார். சிலர் சாப்பாட்டுக்கு மிளகாய் கூட்டுவதுபோல.

கட்டையை மட்டும் சங்கரன்கோவிலுக்குக் கொண்டு வந்தோம். என் தறிகளுக்கு மரச்சாமான் செய்து தரும் ஆசாரி பட்டறையில் வைத்தோம். "நான் கதவு செய்யுதவன் வே. என்னைய ஜெயிலுக்கு அனுப்பப் பாக்கியளா?" என்றார். அக்கா லைசென்ஸை நீட்டினாள். எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்துவிட்டுத்தான் ரம்பத்தை எடுத்தார். அறுக்கும்போது அக்கா திரும்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். கண் எடுக்காமல் பார்த்தாள். மூன்று விரல் துண்டு மரத்தூளில் விழுந்தது. ஆசாரி அதை எடுத்து அவளிடம் நீட்ட, "அடுப்புக்கு ஆகும், நீங்களே வச்சிக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள்.

அப்புறம்தான் ஆசாரிக்கு வேலையில் சூடு பிடித்தது. அக்காவை நிற்க வைத்து, கட்டையைத் தோளில் வைத்து, எடுத்து, இழைத்து, மறுபடி வைத்து, அன்றைக்கு முழுக்க இதே வேலை. குறுகலாகக் குத்திக்கொண்டிருந்த அடிப்பக்கத்தை உள்ளங்கை அகலத்துக்கு மரம் சேர்த்து, தோள்குழிக்குப் பொருந்தும்படி லேசாகக் குழித்தார். கன்னம் படும் பக்கத்தைத் தாழ்த்தி இழைத்தார். கட்டைக்குள் ஒரு துளை குடைந்து ஈயம் ஊற்றி மூடினார். கனமான தறி ஆடாது, லேசான தறிதான் துள்ளும். அது எனக்கே தெரியும், ஆனால் எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "ஒரு தோலு மட்டும் ஒட்டிக்கிடும் வே. மனசு கேக்காதுல்லா உமக்கு" என்றார்.

ராயகிரியில் அக்கா முதல் வேட்டு வைத்தபோது நான் பத்தடி தள்ளி நின்று சேலைத் தலைப்பு இல்லாத குறையாக வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். வெடித்தது. புகை கிளம்பியது. அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். துப்பாக்கியும் தோளிலேயே இருந்தது.

"உதைச்சுதா?"

அக்கா திரும்பினாள். கண் விரிந்திருந்தது. "உதைக்கலலே. தள்ளுச்சு" என்றாள். "கூட்டத்துல பின்னால நிக்கவ நம்மள லேசாத் தள்ளுவால்லா, அந்த மாதிரி." மறுபடி, "கண்ண மூடலலே நான். நெருப்பு வெளிய வந்தத பாத்தேன்" என்றாள். அதே இரும்பு, அதே மரம். அதே பெண்பிள்ளை. மூன்று விரல் மரம் போனதும் ஒரு முரட்டு மிருகம் பழகி வேலைக்கு வந்துவிட்டது. எனக்கு அதை நம்பவே முடியவில்லை. அன்றைக்கு ஐந்து வேட்டு வைத்தாள். மாலையில் என் மனைவி அவள் தோளைப் பார்த்தாள். பழைய கன்றலின் மஞ்சள் மட்டும்தான்.

ஆனால் டிரம் ஒரு தடவையும் அலறவில்லை. ஐந்து குண்டும் அதற்கு வலப்பக்கம் கரை மண்ணில் போய்ப் புதைந்திருந்தன. கதிரில் பால் வைக்க ஆரம்பித்துவிட்டது. மாதக் கடைசிக்குப் பத்து நாள்.

இந்த இடத்தில்தான் நான் ஏதாவது உபயோகமாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். குண்டு குழலுக்குள் தளர்வாகக் கடகடவென்று உருளாமல் இருக்க, அதைத் துணித் துண்டில் பொதிந்து இடிப்பார்கள். அக்காவிடம் அதற்கு நான் எப்போதோ எடுத்துக் கொடுத்த ஒரு சேலையின் துணி வெட்டுகள்தான் இருந்தன. வரப்பில் கிடந்த ஒன்றை எதேச்சையாகக் குனிந்து எடுத்தேன். சுட்ட பிறகு குண்டு போகும் வழியில் போக, துணி பத்துப் பதினைந்து அடியில் விழுந்துவிடும். கையில் இன்னும் லேசாகச் சூடாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரே பக்கமாகக் கிழிந்திருந்தது. மற்ற நாலையும் தேடி எடுத்தேன். ஐந்தும் ஒரே பக்கமாகவே கிழிந்திருந்தன.

துணியின் நோய் எனக்குத் தெரியாதா? அந்தச் சேலையில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் பலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் சன்னம். இழுவிசை வந்ததும் சன்னமான ஊடை அறுந்து, குண்டு அந்தப் பக்கம் சாய்ந்து கிளம்புகிறது; அக்கா எப்போதும் துணியை ஒரே வாட்டத்தில் வைப்பதால் ஐந்தும் ஒரே பக்கம் போயிருக்கின்றன. கண்ணுக்கே தெரியாத வேகத்தில், நெருப்புக்குள், குழலுக்குள் நடந்த விஷயம். அதைத் துணி ஒரு கடிதம்போல் எழுதி வரப்பில் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. படிக்கத் தெரிந்தவன் முப்பது வருடமாக அதே எழுத்தைத்தான் நெய்துகொண்டிருக்கிறான்.

அன்றைக்கே ஊருக்கு வந்து மூன்றாவது தறியிலிருந்து வேட்டித் துணியில் ஒரு முழம் கிழித்தேன். அதில் பாவுக்கும் ஊடைக்கும் ஒரே தடிமனில், ஒரே நம்பர் நூல். கஞ்சி போக வெந்நீரில் அலசிக் காய வைத்து, விளக்கெண்ணெய் தடவி, ஒரு டப்பாவில் அடுக்கி மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கொண்டு போனேன். என் மனைவி, "தறி ஓடுதா இல்ல அதுவும் துப்பாக்கி சுடப் போயிட்டா?" என்று கேட்டாள்.

அக்கா குண்டைப் பொதிந்து இடித்தாள். இந்த முறை கம்பி இறுக்கமாக, ஒரே சீராக இறங்கியது. தோளில் வைத்தாள். மூச்சை நிறுத்தினாள். வேட்டு வெடித்தது. அதற்குப் பின்னால், வேட்டு அடங்குவதற்குள், வயலின் மறுமுனையில் இருந்து டிரம் அலறியது. வாய்க்கால் கரை வேம்பிலிருந்து கொக்குகள் மொத்தமாகக் கிளம்பின. மலை அந்தச் சத்தத்தை வாங்கி ஒரு தடவை திருப்பிச் சொன்னது.

நான் நடந்து போய்த் துணியைத் தேடினேன். செம்மண்ணில் கிடந்தது. நடுவில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கரிய வட்டம். அதைச் சுற்றி என் தறியின் நூல்கள், வெள்ளையாக, வரிசை கலையாமல். ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. நெருப்புக்குள் போய்வந்த துணி! கொட்டகையில் ஒரு நாளைக்கு எத்தனையோ முழம் என் கண்முன்னால் வந்து சுருளும். ஒருநாளும் நான் நெய்த துணியைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியதில்லை. அன்றைக்குக் கலங்கியது.

"இன்னொன்னு போடு" என்றேன். அவள் அதற்குள் மருந்தை அளந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு ஏழில் ஆறு டிரம்மில் அடித்தது.

நாலு நாள் கழித்துச் சாயங்காலம் பொழுது இறங்கும் நேரத்தில் அக்கா போன் பண்ணினாள். மூச்சிரைத்தது. "பதினொண்ணு லே! குட்டியோட பதினொண்ணு. எல்லாம் மலையப் பாத்துப் போயிட்டு. ஒரே வேட்டுதான். நாலு சோளத் தட்டதான் சாஞ்சிருக்கு, நாலே நாலு!" என்றாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டேன். என் மனைவி மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

மாதக் கடைசியில் அவள் மகன் திருப்பூரிலிருந்து வந்தான். முன்னாலேயே பேசி வைத்தது. அக்கா வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானும் போயிருந்தேன். தோளில் பை, பைக்குள் பத்திர நகல். அப்பாவின் உயரம், அப்பாவின் நீளக் கை. சோளம் ஆள் உயரத்துக்கு மேல் கதிர் சாய்த்து நிற்பதைப் பார்த்தபடி நடந்து வந்தான். குடிசைக்குள் வந்ததும், "ஆளு திங்கக்கிழமை வாராராம்மா. நீ ரெடியா?" என்றான். அக்கா அவனுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது உளறிவிடக் கூடாதே என்று வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டேன்.

அவன் சுவரில் சாத்தியிருந்த துப்பாக்கியைப் பார்த்தான். அப்பாவோடது என்ற பாசத்தில் எடுத்து, காலியாக இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு, வாசல் பக்கம் திரும்பித் தோளில் வைத்தான். முழங்கை உடம்போடு மடங்கி, கட்டைவிரல் மூக்கில் போய் இடித்தது. கழுத்தைக் குறுக்கினான். இறக்கி மறுபடி வைத்தான். எப்படி வைத்தாலும் அது அவனுக்குப் பொருந்தவில்லை.

"எம்மா, என்ன இப்பிடி இருக்கு? இது அப்பா துப்பாக்கிதானா?"

"இல்ல மக்கா" என்றாள் அக்கா. மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "எனக்குள்ளது."

அவன் துப்பாக்கியைக் கையில் வைத்தபடியே அவளைப் பார்த்தான். அவள் அதை அவனிடமிருந்து வாங்கி, பழக்கப்பட்ட கையால் ஒரே அசைவில் தோளில் பொருத்திக் காட்டினாள். ஒரு இடத்திலும் இடிக்கவில்லை, எட்டாமலும் இல்லை. அவள் கன்னமும் மரமும் சேருகிற இடத்தில் ஒரு நூல் நுழைய இடமில்லை. அவன் மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வயலைப் பார்த்தான். அப்புறம், "அறுப்பு எப்பம்மா? நான் லீவு போட்டுட்டு வாரேன்" என்றான். பையை அவன் திறக்கவே இல்லை.